மார்த்தாவின் எதிர்ச் சுவர்

ரோம்,
கல்லறைத் திருநாள், நவம்பர் 2, 1671

அன்புள்ள அக்கா செரஃபினாவுக்கு,

உன் தம்பி உபால்தோ எழுதுகிறேன். ஆண்டவர் புண்ணியத்தில், இடது கால் வீக்கத்தைத் தவிர எனக்கு இங்கே குறையொன்றும் இல்லை. உன் இருமல் எப்படி இருக்கிறது? பெசாரோவில் கடல்காற்று இப்போதே அறைய ஆரம்பித்திருக்கும், மார்பை மூடிக்கொள். உன் மகள் தெக்லாவுக்கு என் ஆசிகள்.

அத்தான் சில்வேரியோவின் அடக்கத்துக்கு வர முடியாமல் போனதை நினைத்து இன்றும் வருந்துகிறேன். ஒரு கர்தினாலின் மாளிகையில் கூரைச் சித்திரத்தைப் பாதியில் விட்டு இறங்கி வர முடியவில்லை. அந்தக் குறையை வேறு வழியில் தீர்த்திருக்கிறேன். காலையில் தூரிகை, மாலையில் பேனா என்று பத்து வருடமாக நான் எழுதிவரும் நூல், நம் பக்கத்து ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகள், அச்சுக்குப் போகிறது. அதில் அத்தானுக்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தின் படி ஒன்றை உனக்கும், இன்னொன்றைச் சமையல்காரர் சங்கத்துக்கும் அனுப்பியிருக்கிறேன். முக்கியமான பகுதியை இங்கேயே எழுதுகிறேன், படித்து மகிழ்:

“சமையல்காரர் சங்கத்தின் சிற்றாலயத்தில் உள்ள ‘மார்த்தாவின் வீடு’ சில்வேரியோவின் தலைசிறந்த படைப்பு. தங்கை மரியா ஆண்டவரின் காலடியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்க, மார்த்தா இடக்கையில் கத்தியும் வலக்கையில் மீனுமாக, பணிவு ததும்பும் புன்னகையோடு நிற்கிறாள். ஆண்மை மிக்க தூரிகை.”

இதைவிடப் பெரிய கல்லறைக் கல்லை யார் அவருக்கு வைக்க முடியும்?

ஒரு சின்ன விஷயம். அந்தப் படத்துக்கு எதிரே இருக்கும் வெறும் சுவரின் அகலமும் உயரமும் என்ன? வெளிச்சம் எந்த ஜன்னலிலிருந்து விழுகிறது? நூலுக்காகத்தான் கேட்கிறேன்.

உன் பாசமுள்ள தம்பி,
உபால்தோ


பெசாரோ,
நவம்பர் 21, 1671

தம்பி உபால்தோவுக்கு,

உயிரோடு இருக்கிறோம். இருமலும் இருக்கிறது. உன் கால் வீக்கத்துக்கு முட்டைக்கோஸ் இலையைச் சூடுகாட்டிக் கட்டு. செப்டம்பரில் ஒரு கூடை உலர்ந்த அத்தி அனுப்பினேனே, வந்ததா இல்லையா என்று ஒரு வரி எழுத உனக்குக் கை வரவில்லை.

உன் பக்கத்தைப் படித்தேன். படித்து முடித்ததும் கையில் இருந்த வெள்ளைச் சாயக் கிண்ணத்தைச் சுவரில் வீசினேன். தெக்லா இன்னும் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

மார்த்தா என்னுடையவள். அது உனக்குத் தெரியும், தீட்டும்போதே எழுதியிருந்தேன். தெரியாது என்று சொல்லாதே. அப்பாவின் பட்டறையில் உன் வரைபலகைக்குப் பக்கத்தில் எட்டு வருடம் உட்கார்ந்தவள் நான். இருட்டில் தடவினாலே இது என் கை என்று நீ சொல்லுவாய். நம் வீட்டு மாடியில், திரைக்குப் பின்னால், இரண்டு குளிர்காலம் நின்று தீட்டினேன். சில்வேரியோ சட்டம் அடித்தார், கித்தானை இழுத்துக் கட்டினார், சாயம் அரைத்தார், படத்தில் தரையின் கற்களை மட்டும் தீட்டினார். ஒப்பந்தம் ஆண்பிள்ளை பெயரில்தான் எழுதுவார்கள் என்பதால் கையெழுத்தும் அவர் போட்டார். போட்ட அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. அவர் நல்ல மனுஷன். தனக்கென்று ஒரு நாளும் அதைச் சொல்லிக்கொண்டதில்லை. செத்த மனுஷனைத் திருடனாக்கிவிட்டாய்.

அதோடு, இடக்கையில் கத்தியா? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சங்கத் தலைவர் ஒனோஃப்ரியோ, கடலோரச் சத்திரக்காரர், உன் பக்கத்தை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். மீன் பொரிக்கிற கிழவன் ஒருவன், “இடக்கையிலயா? அப்படிக் கத்தி புடிச்சா மீனுக்குப் பதிலா வெரலுதான் கொழம்புக்குப் போகும்!” என்றான். கோயிலே சிரித்தது. “உங்க தம்பி இந்தப் படத்தப் பாத்ததே இல்லியாம்மா?” என்று என்னிடமே கேட்டார்கள்.

நீ பார்க்கவில்லை. போலோஞாக்காரன் என் படத்தைத் தகட்டில் வெட்டிச் சந்தைக்குச் சந்தை விற்கிறானே, அந்த அச்சுப்படத்தைப் பார்த்து எழுதியிருக்கிறாய். செப்புத் தகட்டில் உள்ளபடி வெட்டினால் தாளில் இடம் வலமாக விழும் என்பது பத்து வயதில் அப்பா நமக்குச் சொல்லிக்கொடுத்தது. ஓவியன் செய்கிற தப்பா இது? அந்த மடையன் அவள் முகத்தையும் மாற்றிவிட்டான். என் மார்த்தா சிரிக்கவில்லை. மீனின் செவுளில் விரலை விட்டுப் பிடித்தபடி, “இவளை எழுந்து வந்து எனக்கு ஒத்தாசை செய்யச் சொல்லுமே!” என்று ஆண்டவரிடமே கத்துகிறாள்.

இது வெறும் பெருமைக்கான சண்டை இல்லை, உபால்தோ. எதிர்ச் சுவரில் லாசரு உயிர்த்தெழும் காட்சி வேண்டும் என்று சங்கம் முடிவு செய்திருக்கிறது. எனக்குக் கொடுங்கள் என்று ஒனோஃப்ரியோவிடம் போய் நின்றேன். என்ன சொன்னார் தெரியுமா?

“கோவிச்சுக்காதீங்கம்மா. ரெண்டு சுவரும் ஒரே கையால ஆகணும்னுதான் எங்க தீர்மானம். ஆனா அந்தக் கை மண்ணுக்குள்ள போயிடுச்சே.”

“அந்தக் கை இதுதாங்க,” என்று நீட்டினேன்.

“உங்க கூடப்பொறந்தவரே வேற மாதிரி எழுதறார். ரோமாபுரியில பேரெடுத்த ஓவியர். அவர் பேச்ச நம்பறதா, வேண்டாமா, நீங்களே சொல்லுங்க,” என்றார்.

நீட்டிய கையை மடக்கிக்கொண்டு வந்தேன். இந்தச் சுவர் கிடைத்தால் பட்டறை என் பெயரில் நிற்கும். கிடைக்காவிட்டால் விசிறிக்கும் பெட்டி மூடிக்கும் பூ வரைந்து சாக வேண்டியதுதான். ஆகவே அந்தப் பக்கத்தை மாற்று. மார்த்தா செரஃபினாவின் கை என்று ஒரே ஒரு வரி போதும்.

சுவரின் அளவு உனக்கு எதற்கு?

உன் அக்கா,
செரஃபினா


ரோம்,
ஜனவரி 9, 1672

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு உனக்கும் தெக்லாவுக்கும் சுகமாகப் பிறந்திருக்கும் என்று நம்புகிறேன். முட்டைக்கோஸ் இலை கட்டினேன், வீக்கம் வடிந்தது. அத்தியும் வந்தது. கர்தினாலின் செயலாளர் விரும்பிச் சாப்பிட்டார்.

உன் கோபம் புரிகிறது. இந்த வயதில் இருமலோடு இவ்வளவு கோபம் நல்லதில்லை. கையைப் பற்றி நீ சுட்டிக்காட்டியது சின்னப் பிழை. வாசகர்கள் கத்தியின் பக்கத்தையா பார்க்கப் போகிறார்கள்?

மற்றதுக்கு வருகிறேன். என் நூலுக்கு ஒரு விதி உண்டு, முன்னுரையின் முதல் வரியிலேயே அதைச் சொல்லியிருக்கிறேன்: உயிரோடிருக்கும் எவரைப் பற்றியும் இதில் எழுதப்படாது. உயிரோடிருப்பவரைப் புகழ்ந்தால் காக்காய் பிடிப்பது என்பார்கள். குறை சொன்னால் இருட்டில் கத்தி வரும். ஆகவே இறந்தவர்களுக்கு மட்டும்தான் இடம். உனக்காக இன்று அந்த விதியை உடைத்தால், நாளை ரோமில் உள்ள சாயம் அரைப்பவன் எல்லாம் என் வாசலில் வந்து நிற்பான். நீ நூறு வயது வாழ வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதுவரை உன் பெயரை அச்சில் ஏற்ற எனக்கு உரிமை இல்லை.

புருஷனுடைய பெயர் மனைவிக்கும் பெயர்தானே? அத்தானின் புகழில் நீயும் குளிர் காய்கிறாய் என்று வைத்துக்கொள்.

சுவரின் அளவை மறந்துவிட்டாய்.

உன் தம்பி,
உபால்தோ


பெசாரோ,
ஜனவரி 27, 1672

உபால்தோவுக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு இப்போது பொறுமை இல்லை. தெக்லா வணக்கம் சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன்.

குளிர் காய்கிறேனா? யார் வெட்டின விறகில் யார் குளிர் காய்வது?

நான் செத்தால்தான் எழுதுவாயா? செத்தபிறகு எனக்கு அந்தச் சுவர் எதற்கு? பிணம் சாரத்தில் ஏறுமா? உயிரோடு இருப்பவள் இருபது வருடமாகத் தம்பி ஒரு முறை வந்து பார்ப்பானா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நீ இரண்டு வரி எழுத விதி இடம் கொடுக்கவில்லை. செத்தவர்கள் உன்னிடம் எதுவும் கேட்கமாட்டார்கள், எதிர்த்துப் பேசமாட்டார்கள். அதனால்தான் உனக்கு அவர்களைப் பிடிக்கிறது.

சரி, என் பெயர் வேண்டாம். சில்வேரியோவின் பக்கத்திலிருந்து மார்த்தாவை எடுத்துவிடு. அவர் நிஜமாகவே தீட்டியவை இருக்கின்றன, தேவாலயக் கதவுகள், பழக்கூடைகள், அவற்றைப் புகழ். மார்த்தா யாருடையவள் என்பதில் நீ வாயை மூடிக்கொள். மிச்சத்தை ஒனோஃப்ரியோவிடம் நான் வாதாடிக்கொள்கிறேன். இதையாவது செய். அக்கா கேட்கிறேன்.

இந்த முறை அத்தி அனுப்பவில்லை.

செரஃபினா


ரோம்,
மார்ச் 18, 1672

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னி. தவக்காலத்தில் வேலை கழுத்தை நெரிக்கிறது. நீ நலம்தானே?

அந்தத் தாள்கள் அச்சாகிவிட்டன. இனி ஒரு எழுத்தையும் அசைக்க முடியாது என்கிறார் அச்சகக்காரர். நான் என்ன செய்ய?

ஒரு நல்ல செய்தி சொல்கிறேன். அடுத்த வசந்தத்தில் ஒரு வேலையாக நம் ஊருக்கு வரக்கூடும். சில மாதங்கள் தங்க வேண்டியிருக்கும். அத்தானின் பட்டறையை எனக்காகக் காலி செய்து வை. அவருடைய பெரிய சாரமும் உயரமான ஏணியும் இருக்கின்றன அல்லவா? விற்றுவிடாதே. நீ சமைத்த மீன் குழம்பை நினைத்தால் இப்போதே நாக்கு ஊறுகிறது.

தெக்லாவுக்கு முத்தங்கள்.

உபால்தோ


பெசாரோ,
ஏப்ரல் 10, 1672

உபால்தோ,

நேற்று மீன் கடையில் ஒனோஃப்ரியோவைப் பார்த்தேன்.

“என்னம்மா, இனிமே சந்தோஷம்தானே? சுவரு வீட்ட விட்டு வெளிய போகல பாருங்க,” என்றார்.

“எந்த வீடு?” என்றேன்.

“உங்க வீடுதான். உங்க தம்பிக்குத்தானே வாக்குக் குடுத்திருக்கோம், அடுத்த வருஷம் வந்து லாசருவத் தீட்டறதா. அவர் உங்ககிட்ட சொல்லலியா? நவம்பர்லயே அவரா எழுதிக் கேட்டாரு. செத்துப்போன கைக்கு அடுத்தது சொந்தக்காரர் கைன்னு சொன்னாரு, எங்களுக்கும் சரின்னு பட்டுது.”

கடைக்காரி என் கையில் மீனை வைத்தாள். நான் அதை அப்படியே கீழே போட்டுவிட்டு வந்தேன்.

நவம்பரிலேயே! எனக்குக் கல்லறைத் திருநாளன்று ஆறுதல் கடிதம். அதே கையோடு அவருக்கு விண்ணப்பம். சில்வேரியோவுக்கு நீ வைத்தது கல்லறைக் கல் இல்லை, என் வாசலை அடைத்த கல். மார்த்தாவைத் தீட்டியவர் செத்துப்போனால்தான் உனக்குச் சுவர் கிடைக்கும். அதற்காகச் செத்தவருக்கு என் படத்தைத் தூக்கிக் கொடுத்தாய். விதியாம், முன்னுரையாம், முதல் வரியாம்! அந்தச் சுவரின் அளவை என்னிடமே கேட்டாயே, உனக்கு வெட்கமாக இல்லையா? என் புருஷனின் ஏணியில் ஏறி, என் மீன் குழம்பைத் தின்றுகொண்டு, என் சுவரில் தீட்டலாம் என்று நினைத்தாயா?

ஏணியை இன்று காலை உடைத்து அடுப்பில் வைத்துவிட்டேன். நன்றாக எரிந்தது.

இனி என்னிடமிருந்து உனக்குக் கடிதம் வராது.

செரஃபினா


ரோம்,
மே 2, 1672

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் என்னைக் குத்திக் கிழித்துவிட்டது. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூடப் பயமாக இருக்கிறது.

நீ நினைப்பது போல இல்லை. சங்கம் எப்படியும் வெளியாள் ஒருவனைத்தான் கூப்பிட்டிருக்கும். அது போலோஞாக்காரனுக்குப் போவதைவிட நம் குடும்பத்துக்கு வருவது மேல் என்றுதான் எழுதினேன். உன்னிடம் நேரில் சொல்லலாம் என்றிருந்தேன். இங்கே எனக்குப் பெயர் இருப்பதாக ஊரில் நினைக்கிறார்கள். கூரைச் சித்திரத்தில் மேகங்கள் மட்டும்தான் என்னுடையவை, அக்கா. முழுச் சுவர் ஒன்று என் பெயரில் எங்கேயும் இல்லை. பெரியவர்களைப் பற்றி எழுதியவன் என்று மட்டும் மிஞ்சிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

ஆடைகளின் மடிப்புகளை நீ தீட்டு. பாதிப் பாராட்டு உனக்கு.

பதில் போடு.

உபால்தோ


ரோம்,
ஜூலை 14, 1672

அக்கா,

இரண்டரை மாதமாக ஒரு வரிகூட இல்லை. நம் ஊர்ப் பக்கம் காய்ச்சல் பரவியிருப்பதாக இங்கே பேசிக்கொள்கிறார்கள். திட்டியாவது எழுது.

உபால்தோ


பெசாரோ,
ஆகஸ்ட் 30, 1672

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

தெக்லா எழுதிக்கொள்வது. உங்கள் கால் வீக்கம் மறுபடி வரவில்லை என்று நம்புகிறேன். நான் சுகமாக இருக்கிறேன்.

உங்கள் இரண்டு கடிதங்களும் வந்தன. பதில் எழுத முடியாமல் போனதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஜூலை முழுதும் எங்கள் தெருவில் காய்ச்சல். கோயில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அம்மாவுக்கும் வந்தது. ஒன்பதாம் நாள் பாதிரியார் வந்து நெற்றியில் எண்ணெய் தொட்டு நோயில்பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். அம்மாவின் படுக்கையையும் உடுப்புகளையும் நகர அதிகாரிகள் சொன்னபடி கடற்கரையில் வைத்து எரித்தோம். தூரிகைகளை நான் கழுவிக் கட்டி வைத்திருக்கிறேன்.

சமையல்காரர் சங்கத்தின் சிற்றாலயத்தில் அம்மாவுக்காகப் பூசை வைத்தார்கள். சங்கத்தார் எல்லாரும் மெழுகுவர்த்தியோடு வந்தார்கள். ஒனோஃப்ரியோ ஐயா குழந்தை மாதிரி அழுதார்.

மாமா, அம்மா இனி உங்களுக்கு எழுத மாட்டார்கள். காய்ச்சல் உச்சத்தில் இருந்த ராத்திரி, “அவன்கிட்ட சொல்லு, மார்த்தா வலக்கைக்காரி,” என்று சொன்னார்கள். அதைச் சொல்லிவிட்டேன்.

அப்பாவின் அடக்கத்துக்கு வராதவர், இதற்காகவும் அலைய வேண்டாம்.

தெக்லா


ரோம்,
அக்டோபர் 4, 1672

என் அருமைக் குழந்தை தெக்லாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்த அன்று நான் தூரிகையைத் தொடவில்லை. நீ தைரியமாக இருக்கிறாயா? வேளைக்குச் சாப்பிடு. உனக்கு நான் இருக்கிறேன்.

உடனே புறப்பட்டிருப்பேன். ஆனால் நூலின் கடைசித் தாள் மட்டும் அச்சாகாமல் இருந்தது. இப்போது விட்டால் அவளுக்கு இடமே இல்லாமல் போய்விடும் என்று இரண்டே நாளில் அவளுடைய வாழ்க்கையை எழுதிக் கொடுத்தேன். நேற்று அச்சாகி வந்தது. ஒரு பிரதி உனக்கு. பன்னிரண்டு பிரதிகள் ஒனோஃப்ரியோவுக்கும் சங்கத்துக்கும் அனுப்பியிருக்கிறேன். தங்கள் கோயிலில் யாருடைய கைவண்ணம் இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியட்டும். அவளுக்குப் பின் அந்தச் சுவரில் ஏறுகிறவன் அவளுடைய இரத்தம் என்பதும் தெரியட்டும்.

இதை உன் அம்மாவின் கல்லறையில் நின்று உரக்கப் படி:

“பெசாரோவின் செரஃபினா, இந்நூலாசிரியரின் தமக்கை. சில்வேரியோவுக்கு உரியது என்று முன்னே ஒரு பக்கத்தில் தவறாகச் சொல்லப்பட்ட ‘மார்த்தாவின் வீடு’ முழுக்க முழுக்க இவளுடைய கைவேலை என்று ஆசிரியர் உறுதி கூறுகிறார். சிறுவயதில் இருவரும் ஒரே பட்டறையில் பயின்றபோது, தந்தை இவளுடைய வரைபடங்களையே முதலில் எடுத்துப் பார்ப்பார். வலக்கையில் கத்தியோடும், பணிவு ததும்பும் புன்னகையோடும் நிற்கும் மார்த்தாவைப் போலவே, இவளும் அடக்கமே உருவாக வாழ்ந்து, காய்ச்சலில் மறைந்தாள். இப்பகுதியில் இவளுக்கு நிகரான கை இன்னொன்று இல்லை.”

கடைசி வரியை எழுதும்போது கண் மறைத்தது. அவள் காதில் விழும்படி ஒரு நாளாவது இதைச் சொல்லியிருக்கலாம்.

வசந்தத்தில் வேலைக்கு வரும்போது அவள் கல்லறையில் பூ வைக்கிறேன்.

உன் மாமா,
உபால்தோ


பெசாரோ,
நவம்பர் 6, 1672

தம்பி உபால்தோவுக்கு,

நான் நலம். காய்ச்சல் விட்டு மூன்று மாதம் ஆகிறது. தலைமுடி கொட்டிவிட்டது, இருமலும் அதோடு போய்விட்டது.

நாற்காலியில் உட்கார்ந்துகொள். தெக்லா ஒரு பொய்யும் எழுதவில்லை. ஒவ்வொரு வரியையும் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். படுக்கையை எரித்தோம், காய்ச்சல் கண்டவர் பிழைத்தாலும் எரிக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். பூசை வைத்தார்கள், நன்றிப் பூசை. ஒனோஃப்ரியோ அழுதது நான் சொந்தக் காலில் நடந்து கோயிலுக்குள் வந்ததைப் பார்த்து. இனி உனக்கு எழுத மாட்டேன் என்று ஏப்ரலில் நானே சொல்லியிருந்தேன். செத்துவிட்டேன் என்று யார் சொன்னது? நீயே முடிவு கட்டினாய். எந்த நாளில் செத்தாள், எங்கே புதைத்தார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெக்லா உண்மையைச் சொல்லியிருப்பாள். கேட்க வேண்டும் என்று உனக்குத் தோன்றவில்லை. அச்சகக்காரரிடம் ஓடினாய்.

உன் பன்னிரண்டு பிரதிகளும் வந்த அன்று ஒனோஃப்ரியோவும் சங்கத்தாரும் என் வீட்டுக்கு ஊர்வலமாக வந்தார்கள். நான் மாடியில் சாயம் அரைத்துக்கொண்டிருந்தேன்.

“அம்மா, நீங்க செத்துப் போயிட்டீங்களாமே! ரோமாபுரியில அச்சே போட்டுட்டாங்க!” என்று கீழேயிருந்து கத்தினார் ஒனோஃப்ரியோ.

“அதுல வேற என்ன போட்டிருக்கு? அதயும் படிங்க,” என்றேன்.

தெருவில் நின்றபடியே முழுதும் வாசித்தார். மார்த்தா முழுக்க முழுக்க என் கை என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

“ரெண்டு சுவரும் ஒரே கையால ஆகணும்னுதானே உங்க தீர்மானம்?” என்று கேட்டேன்.

“ஆமாம்மா. ஆனா உங்க தம்பிக்கு வாக்குக் குடுத்திருக்கோமே.”

“அந்தக் கை செத்துடுச்சுன்னு நெனச்சுக் குடுத்தது. இப்ப இருக்கே. இல்ல, செத்தவளுக்குச் சுவர் குடுக்கக் கூடாதுன்னு சங்கத்துல ஏதாவது விதி இருக்கா?”

மீன் பொரிக்கிற கிழவன்தான் முதலில் சிரித்தான். அப்புறம் தெருவே சிரித்தது. மறுநாள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். என் பெயரில், என் வலக்கையால். ஒனோஃப்ரியோவின் கடிதம் உனக்கு இதே தபாலில் வரும்.

நீ எழுதியதைப் பலமுறை படித்தேன். அப்பா என் வரைபடங்களை முதலில் பார்ப்பார் என்று எழுதியிருக்கிறாய். நாற்பது வருடம் அது உனக்கு நினைவிருந்திருக்கிறது! உயிரோடிருந்தவளிடம் அதைச் சொல்ல உனக்கு என்ன கேடு? அந்த இடத்தில் அழுதேன். அழுதபிறகு இன்னும் அதிகமாகக் கோபம் வந்தது. ஏனென்றால் கையைத் திருத்திய நீ முகத்தைத் திருத்தவில்லை. மார்த்தா இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள், நான் அடக்கமே உருவாக வாழ்ந்திருக்கிறேன். என்னையும் அச்சுப்படத்தைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறாய்.

வசந்தத்தில் வருவதாகச் சொன்னாய். வந்துதான் ஆக வேண்டும். சாரத்தில் உனக்கு வேலை இல்லை; புது ஏணி செய்யக் கொடுத்திருக்கிறேன், அதில் நான் மட்டும்தான் ஏறுவேன். கல்லறைக்காக வைத்திருக்கும் பூவைத் தெக்லாவிடம் கொடு. முதலில் மார்த்தாவுக்கு முன்னால் போய் நில், அவள் முகத்தை நிமிர்ந்து பார். அத்தி இந்த முறையும் அனுப்பவில்லை. வந்து சாப்பிடு.

அப்புறம் எதிர்ச் சுவருக்குக் கீழே வந்து படுத்துக்கொள். நாலு நாள் கல்லறையில் கிடந்த லாசரு மார்த்தாவின் தம்பிதானே? செத்துப்போன தம்பி ஒருவனின் முகம் எனக்கு வேண்டியிருக்கிறது. பார்க்காத எதையும் நான் தீட்டுவதில்லை. ஆண்டவர் அவனை எழுப்பும் இடம் வரும்போது உன்னையும் எழுந்திருக்கச் சொல்கிறேன். அதுவரை பேசாமல் கிடக்க வேண்டும்.

தாடியை மழித்துவிடாதே.

உயிரோடிருக்கும் உன் அக்கா,
செரஃபினா